மடியில் ஏற்ற ஓணான்

நுழையும்முன்

ஓர் உயிரை வீட்டிற்குக் கொண்டுவருதல் எளிது. அது வாழ்ந்த நிலத்தையும் வெயிலையும் பருவத்தையும் உடன் கொண்டுவர இயலாது. விடுபட்டுப்போன அவற்றை ஈடுசெய்யும் பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்கிறது. ஆத்திரேலிய வறண்ட நிலத்து ஓணான் ஒன்று இன்று உலகின் பல நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படுகிறது; இந்திய நகரங்களிலும் அதை விரும்பி வளர்ப்போர் உளர். அதன் குட்டியைப் பேணும் முறையை, விராலிமலைப் பகுதியில் வாழும் நம் ஓணானின் வாழ்க்கையோடு இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

பழமொழி சொல்லும் எச்சரிக்கை

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது போல என்பது தமிழ்ப் பழமொழி. தேவையற்ற தொல்லையைத் தானே தேடிக்கொள்பவரைப் பற்றிப் பேசும்போது இதனை வழங்குவர். ஓணானைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். சங்கப் பாடல்களில் அது ஓதி, ஓந்தி என்னும் பெயர்களால் சுட்டப்படுகிறது. பாலைநிலத்தின் வறட்சியைக் காட்டப் புலவர்கள் அதனைப் பயன்படுத்தினர். குறுந்தொகைப் பாடல் ஒன்று அதன் முதுகுச் செதில் வரிசையைக் கருக்கரிவாளின் பற்களுக்கு ஒப்பிடுகிறது. உற்று நோக்கியவர்களுக்கே அத்தகைய உவமை தோன்றும்.

ஆயினும் சிற்றூர்ச் சிறுவர்களின் கல்லெறிக்கு ஆளாகும் உயிர்களுள் ஓணானும் ஒன்று. அது மனிதரின் இரத்தத்தை உறிஞ்சும் என்னும் நம்பிக்கை இன்றும் உள்ளது. அதற்கு நஞ்சு இல்லை. இரத்தத்தை உறிஞ்சும் இயல்பும் இல்லை. ஆண் ஓணானின் கழுத்து சிவப்பது இனப்பெருக்கக் காலத்தின் அடையாளம் மட்டுமே. ஒருபுறம் வேலியோரத்து ஓணான் அஞ்சி வெறுக்கப்படுகிறது. மறுபுறம் அதன் அயல்நாட்டு உறவினர் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்படுகிறது. இரண்டிலும் குறைவது அவ்வுயிரைப் பற்றிய அறிவே.

விராலிமலை ஓணானின் ஒருநாள்

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த விராலிமலை, திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பாறைக்குன்றின் மீது முருகன் கோயில் அமைந்துள்ளது. அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற தலம் இது. குன்றைச் சுற்றிலும் மயில்கள் தன்னியல்பாக உலவுவது இவ்வூரின் சிறப்பு. மழை குறைந்த, முட்செடிகள் மிகுந்த இந்நிலம் ஓணானுக்கும் ஏற்றது.

ஓணான் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அற்றது. கதிரவனிடமும் சுடுபாறையிடமும் அதனைப் பெறுகிறது. காலையில் வேலிக்கம்பின் மீதோ பாறையின் மீதோ ஏறி, உடலைத் தட்டையாக்கி, வெயில் வரும் திசையில் பரப்பிக்கொள்கிறது. உடல் போதிய அளவு சூடேறியபின் இரை தேடத் தொடங்குகிறது. எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி எனப் பலவகைப் பூச்சிகளைத் தின்கிறது. நண்பகல் வெயில் கடுமையாகும்போது புதரின் நிழலுக்குள் நகர்கிறது. மாலையில் மீண்டும் வெளிவந்து, இரவில் செடிகொடிகளில் பற்றிக்கொண்டு உறங்குகிறது.

இந்த ஒருநாள் வாழ்க்கையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்கு உண்டு. இரண்டாவது, வெயில் அதற்கு வெப்பத்தோடு வேறொன்றையும் தருகிறது. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரே அது. மூன்றாவது, அதன் இரை ஒரேவகையானது அன்று. கூண்டில் வளரும் ஓணானுக்கு இம்மூன்றையும் மனிதரே அமைத்துத் தர வேண்டும்.

தாடி ஓணான்

கடைக்காரர்களும் வளர்ப்போரும் 'பியர்டட் டிராகன்' என்று அழைக்கும் உயிரைத் தமிழில் தாடி ஓணான் எனலாம். நம் ஓணான் சேர்ந்த அகமிடே குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. இதன் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். போகோனா என்னும் பெயர் தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அச்சமோ சினமோ கொள்ளும்போது தொண்டைப் பகுதியை உப்பச் செய்து கருமையாக்கும் இதன் இயல்பே பெயருக்குக் காரணம். ஆத்திரேலியக் கண்டத்தின் கிழக்குப் பாதியில், கடற்கரையிலிருந்து விலகிய வறண்ட உள்நாட்டுப் பகுதிகள் இதன் தாயகம்.

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி வால் உட்பட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமும் சில கிராம் எடையும் கொண்டிருக்கும். வளர்ந்தபின் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளும். அதில் பாதிக்கு மேல் வால். முறையாகப் பேணினால் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். ஆத்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்திற்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. பிற நாடுகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்டவை. எனினும் அவற்றின் உடல், வறண்ட நிலத்தின் வெயிலையும் காற்றையும் எதிர்பார்த்தே இன்றும் அமைந்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

தாடி ஓணானின் பாலினத்தைக் குரோமோசோம்களோடு வெப்பமும் முடிவுசெய்யக்கூடும். முட்டைகள் 32° செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பொரியும்போது, குரோமோசோம் அமைப்பில் ஆணாக இருக்கும் கருக்களுள் சில பெண்ணாக வளர்கின்றன. இது 2007இல் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. இயற்கையில் வாழும் தாடி ஓணான்களிடமும் இம்மாற்றம் நிகழ்வதை 2015இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. புவி வெப்பமடைதல் ஊர்வனவற்றின் ஆண், பெண் விகிதத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வெப்பமும் நிழலும்

கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். குட்டி வெயில்காயும் இடத்தில் 38° முதல் 42° செல்சியஸ் வரையும், மறுமுனையில் 24° முதல் 28° செல்சியஸ் வரையும் வெப்பம் நிலவுவது நன்று. சூடான முனையில் கல்லோ மரக்கிளையோ வைத்து, அதன் மேலே வெப்ப விளக்கைப் பொருத்துவர். விளக்கைத் தொட இயலாத தொலைவு இருக்க வேண்டும். இருமுனைகளிலும் தனித்தனி வெப்பமானிகள் தேவை. கையால் தொட்டு வெப்பத்தை மதிப்பிடுவது தவறாக முடியும். மின்சாரத்தால் சூடேறும் செயற்கைக் கற்கள் வயிற்றுப்பகுதியைச் சுட்டுப் புண்ணாக்குவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வளர்ப்பு நூல்கள் பல குளிர்நாட்டாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே அவை வெப்பத்தை உண்டாக்கும் வழிகளையே விரிவாகக் கூறுகின்றன. விராலிமலை போன்ற ஊர்களில் நிலைமை வேறு. இங்குக் கோடைப் பகலில் வெப்பம் 38° செல்சியசைக் கடப்பது இயல்பு. தகரக் கூரையோ தாழ்ந்த மாடியோ உள்ள அறை அதனினும் சூடாகும். அந்நேரத்தில் விளக்கும் எரிந்தால் கூண்டில் குளிர்ந்த முனையே இல்லாமல் போகும். குட்டி எங்கு நகர்ந்தாலும் வெப்பம் அதனை விடாது. எனவே நம் நாட்டில் வளர்ப்பவர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது நிழலை. கோடையில் வெப்ப விளக்கின் நேரத்தைக் குறைத்தல், வெப்பம் மிகும்போது தானே அணைக்கும் கருவியைப் பொருத்துதல், வீட்டின் குளிர்ந்த அறையில் கூண்டை வைத்தல் ஆகியன பயன்தரும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் மற்றொரு சோதனை. வறண்ட நிலத்து உயிருக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்று ஒவ்வாது. ஈரமும் குளிர்ச்சியும் ஒருங்கே நீடித்தால் நுரையீரல் தொற்று ஏற்படும். காற்றோட்டமான கூண்டும் உலர்ந்த தரையும் அதனைக் காக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

எலும்பு வளர்ச்சிக்குச் சுண்ணாம்புச்சத்து தேவை. அச்சத்தை உணவிலிருந்து உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அவ்வைட்டமினைத் தாடி ஓணானின் தோல், புற ஊதாக் கதிர்களுள் 'பி' வகையைக் கொண்டு உருவாக்குகிறது. இக்கதிர் கிடைக்காத குட்டிக்கு எத்தனை இரை அளித்தாலும் எலும்பு உறுதிப்படாது. தாடை மென்மையாதல், கால்கள் வளைதல், உடல் நடுங்குதல், நடக்க இயலாமை என அந்நோய் முற்றும். கூண்டில் வளரும் குட்டிகளை மிகுதியாகத் தாக்கும் நோய்களுள் இதுவும் ஒன்று. முழுவதும் தடுக்கக்கூடிய நோயும் இதுவே.

சாளரத்தின் அருகே கண்ணாடித் தொட்டியை வைத்தால் போதும் எனப் பலர் கருதுவர். கண்ணாடி இக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெப்பத்தை மட்டும் உள்ளே தேக்கும். ஆகவே அவ்வழியில் நன்மை கிட்டாது, தீங்கு உறுதி. இதற்கென விற்கப்படும் புற ஊதா விளக்கைப் பகலில் 12 மணிநேரம் அளவில் எரியவிட வேண்டும். அவ்விளக்கு பார்வைக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தாலும் அதன் புற ஊதா ஆற்றல் நாளடைவில் குறையும். 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, தயாரிப்பாளரின் குறிப்பின்படி அதனை மாற்ற வேண்டும். இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்து இருளை அளிக்க வேண்டும்.

ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நாட்டில் வாழ்வோர்க்கு ஒரு நற்பேறு உண்டு. கம்பிவலைக் கூண்டில் குட்டியை வைத்து இளங்காலை வெயிலைச் சிறிதுநேரம் காட்டலாம். கூண்டின் பாதி நிழலில் இருக்க வேண்டும். அந்நேரம் முழுவதும் அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும். காகமும் பூனையும் குட்டியை விட்டுவைக்கமாட்டா. விராலிமலையில் மயிலும் அதற்குப் பகையே. ஓணான்களும் சிறு பாம்புகளும் மயிலின் இரையுள் அடங்கும்.

இரையும் நீரும்

வளரும் குட்டிக்குப் பூச்சிகளே முதன்மை உணவு. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, சில நிமிடங்களில் தின்னும் அளவிற்கு அளிப்பர். இரையின் பருமன் குட்டியின் இருகண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறலாகாது. பெரிய இரை தொண்டையிலும் குடலிலும் அடைத்துக்கொள்ளும். வளர வளரப் பூச்சியின் பங்கு குறைந்து, கீரையும் காயும் பெரும்பங்கு வகிக்கும். அதற்கேற்பக் குட்டிப் பருவத்திலேயே நறுக்கிய பச்சிலைகளை நாள்தோறும் வைத்துப் பழக்க வேண்டும். செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பூசணியும் தரத்தக்கவை. பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுப்பதால் அதனை அடிக்கடி தரலாகாது.

பெரும்பாலான பூச்சிகளில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாஸ்பரஸ் மிகுந்துள்ளது. அக்குறையைப் போக்க, இரையின் மீது சுண்ணாம்புச்சத்துப் பொடியைத் தூவி அளிப்பர். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. இரையாகும் பூச்சிகளுக்கு முன்னாளே நல்ல கீரையைத் தின்னக்கொடுப்பதும் வழக்கம். பூச்சி உண்டது குட்டியையும் சென்றடையும் என்பதே இதன் அடிப்படை.

இதே காரணத்தால் வயல்வெளியில் பிடித்த வெட்டுக்கிளியை அளிப்பதில் இடர் உண்டு. பூச்சிக்கொல்லி தெளித்த பயிரைத் தின்ற வெட்டுக்கிளி, குட்டிக்கு நஞ்சாகும். மின்மினிப்பூச்சியை ஒருபோதும் தரலாகாது. சிலவகை மின்மினிகளின் உடலில் உள்ள நச்சுப்பொருள், ஒன்றே ஒன்று உட்சென்றாலும் தாடி ஓணானைக் கொல்ல வல்லது. தின்னாமல் விட்ட பூச்சிகளை மாலையில் கூண்டிலிருந்து அகற்ற வேண்டும். இரவில் அவை உறங்கும் குட்டியைக் கடிக்கும்.

நீரைத் தாழ்ந்த தட்டில் வைத்து நாள்தோறும் மாற்ற வேண்டும். அசையாத நீரைச் சில குட்டிகள் அறிந்துகொள்வதில்லை. மூக்கின் நுனியில் ஒரு துளி வைத்தால் நக்கிப் பருகும்.

இடமும் தூய்மையும்

குட்டிக்கு முதற்சில மாதங்கள் இரண்டடி நீளக் கூண்டு போதும். ஓராண்டிற்குள் அது பெரும்பாலும் முழுவளர்ச்சியை நெருங்கும். அப்போது நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட கூண்டு தேவைப்படும். பாலைநிலத்து உயிர் எனக் கருதித் தளர்ந்த மணலைப் பரப்புதல் குட்டிகளுக்கு ஆகாது. இரையோடு விழுங்கும் மணல் குடலை அடைக்கக்கூடும். செய்தித்தாளோ சொரசொரப்பான ஓடோ விரித்தால் தூய்மை செய்வதும் எளிது.

இரு குட்டிகளை ஒரே கூண்டில் வைத்தால் துணையாக இருக்கும் என்று எண்ணுதல் பிழை. வலிய குட்டி வெயில்காயும் இடத்தையும் இரையையும் கைப்பற்றும். மெலிந்ததன் விரலையும் வால்நுனியையும் கடித்துத் துண்டிக்கும். பல்லிக்கும் அரணைக்கும் இழந்த வால் மீண்டும் வளரும். தாடி ஓணானுக்கு அவ்வாறு வளராது.

ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி, நோய் எதனையும் உண்டாக்காமல் வாழக்கூடும். மனிதருக்கு அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். குட்டியையோ கூண்டையோ தொட்டபின் சோப்பினால் கைகழுவுதல் கட்டாயம். சமையலறைத் தொட்டியில் அதன் தட்டுகளைக் கழுவலாகாது. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் உள்ள வீட்டில் இதனை வளர்க்காதிருத்தல் நல்லது.

உடல் பேசும் மொழி

குரல் எழுப்பாத இவ்வுயிர் உடலால் பேசுகிறது. முன்னங்காலை உயர்த்தி மெல்லச் சுழற்றினால் பணிவு. தலையை விரைந்து அசைத்தால் ஆதிக்கம். தாடி கறுத்து உப்பினால் அச்சம் அல்லது சினம். வெயில்காயும்போது வாயைத் திறந்து வைப்பது மிகுவெப்பத்தை வெளியேற்றும் இயல்பான செயல். குளிர்ந்த இடத்திலும் வாயைத் திறந்து மூச்சுவிடத் திணறினால் அது நோய். காலையில் உடல் கறுத்திருப்பது வெப்பத்தை மிகுதியாக ஏற்பதற்காக. சூடேறியபின் நிறம் வெளிறும்.

தாடி ஓணானின் தலையுச்சியில் ஒளியையும் இருளையும் உணரும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. அதனை மூன்றாம் கண் என்பர். மேலிருந்து விழும் நிழல், அதற்குப் பருந்தின் வருகையை உணர்த்தும். ஆகவே மேலிருந்து கையை நீட்டிப் பற்றுதல் பேரச்சத்தைத் தரும். பக்கவாட்டில் கையைக் கொண்டுசென்று, வயிற்றுக்கு அடியில் உடல் முழுவதையும் தாங்கி எடுக்க வேண்டும். புதிதாக வந்த குட்டியை முதல் ஓரிரு வாரங்கள் தொடாமல் விட்டு, இரையும் நீரும் மட்டும் அளிப்பதே அதற்குச் செய்யும் பெரிய உதவி. நாயைப் போல் ஓடிவந்து அன்பு காட்டும் என எதிர்பார்த்தல் கூடாது. அச்சமின்றி அருகில் இருப்பதே அது காட்டும் நட்பு.

தொடர்ந்து இரை மறுத்தல், கண்கள் குழிதல், எடை குறைதல், கால்கள் நடுங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவரை நாட வேண்டும். வாரந்தோறும் எடையைக் குறித்துவைத்தால் மாற்றம் விரைவில் தெரியும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. அத்தகைய மருத்துவர் எங்குள்ளார் என்பதை, குட்டியை வாங்குவதற்கு முன்பே விசாரித்து அறிதல் வேண்டும்.

சட்டமும் கடமையும்

உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஊர்வன 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் உள்ளன. அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற அயல்நாட்டு உயிர்களுக்கும் தனிப்பட்டியல் சேர்க்கப்பட்டது. பச்சை இகுவானா போன்ற அத்தகைய உயிர்களை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்தல் வேண்டும். எவ்வகை அயல்நாட்டு உயிராயினும், வாங்குவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டறிதலும், அது சட்டப்படி வந்ததற்கான ஆவணத்தைப் பெறுதலும் கடமை.

இக்கடமை தவறும்போது விளைவது என்ன என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2023 சூலைத் திங்களில், விராலிமலைக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லியினங்களும் உயிருடன் கண்டெடுக்கப்பட்டன. துளையிட்ட சிறு பெட்டிகளில் அவை அடைக்கப்பட்டிருந்தன. வாங்குவோர் இருப்பதனாலேயே இத்தகைய கடத்தல் நிகழ்கிறது. ஆவணம் கேட்காமல் வாங்குபவரும் அதில் பங்குதாரர் ஆகிறார்.

வளர்க்க இயலாத நிலையில் அயல்நாட்டு உயிரை மலையடிவாரத்தில் விட்டுவிடுதல் இரக்கச் செயல் ஆகாது. அது பசியாலோ பகையாலோ மடியும். அல்லது நிலைத்துப் பெருகி நம் ஓணானின் இரையையும் இடத்தையும் பறிக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லப்பிராணி வணிகத்தின் வழியே நுழைந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சதுப்புநிலப் பாலூட்டிகளைப் பெரிதும் குறைத்துவிட்டன.

பேணுதலின் இருவழிகள்

விராலிமலை மயில்களுக்குக் கூண்டு இல்லை, விளக்கு இல்லை, வெப்பமானியும் இல்லை. குன்றும் புதரும் மரமும் அவற்றுக்கு எஞ்சியிருப்பதாலும், மக்கள் தீங்கு செய்யாமையாலும் அவை வாழ்கின்றன. 1963இல் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. அதே புதரும் பாறையும் ஓணானையும் காக்கின்றன. முட்செடியை அழிக்காமல் விடுவதும், கல்லெறியும் கையைத் தடுப்பதும் பேணுதலே. இதற்குப் பொருட்செலவு இல்லை. எவரும் இன்றே தொடங்கலாம்.

கூண்டில் பேணுதல் வேறுவழி. அங்கே கதிரவனும் நிழலும் பருவமும் வளர்ப்பவரே. பதினாறு வயதில் ஒரு குட்டியை வாங்கும் மாணவர், அது முதுமை எய்தும்போது இருபத்தாறு வயதை எட்டியிருப்பார். இடையில் பள்ளித் தேர்வும் கல்லூரி விடுதியும் வெளியூர் வேலையும் வரும். அந்நாள்களில் காலையில் விளக்கை ஏற்றுபவர் யார், இரை வாங்கித் தருபவர் யார், மின்தடையின்போது அருகில் இருப்பவர் யார் என்னும் வினாக்களுக்குப் பெற்றோரோடு அமர்ந்து விடை காண வேண்டும். விடை கிட்டாதபோது வாங்காமல் இருப்பதும் அவ்வுயிரின் மீது காட்டும் அன்பே.

விடை கிட்டியவர்கள் கூண்டை முதலில் அமைக்க வேண்டும். குட்டியில்லாத அக்கூண்டில் விளக்குகளை ஏற்றி, காலை, நண்பகல், இரவு எனப் பத்து நாள்கள் இருமுனைகளின் வெப்பத்தையும் குறித்துவர வேண்டும். பத்து நாள்களும் அளவுகள் சரியாக நின்றபின்னரே குட்டி வீட்டிற்குள் வரலாம்.

சொல்லும் பொருளும்

ஓதி, ஓந்தி – ஓணான்
கருக்கரிவாள் – பற்கள் கொண்ட அரிவாள்
வெம்மை – வெப்பம்
ஊர்வன – தரையில் ஊர்ந்து செல்லும் உயிரினங்கள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டருகே அல்லது பள்ளி வளாகத்தில் உள்ள ஓணான் ஒன்றைத் தொலைவிலிருந்து ஒருநாள் உற்றுநோக்கி, காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் அது இருந்த இடத்தையும் நிறத்தையும் அட்டவணைப்படுத்துக.
2. 'கோடையில் நம் ஊரில் தாடி ஓணானுக்கு முதலில் தேவைப்படுவது நிழலே' – இக்கூற்றைப் பாடக் கருத்துகளைக் கொண்டு விளக்குக.
3. ஓணான், உடும்பு, பல்லி, அரணை ஆகியன இடம்பெறும் பழமொழிகளையும் நம்பிக்கைகளையும் உங்கள் ஊர் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுள் உண்மைக்கு மாறானவற்றைச் சுட்டுக.
4. 'செல்லப்பிராணி வளர்ப்பு: உரிமையா, பொறுப்பா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.